வெல்டிங்குக்கு முன் கழற்றவும்

ஆகஸ்ட் 18, திங்கள்

சர்க்கரை 214.

இந்த நோட்டு சர்க்கரை ஆஸ்பத்திரி நர்ஸ் கொடுத்தது. தினமும் காலையில் விரலைக் குத்திப் பார்த்து எண்ணை எழுத வேண்டுமாம். ஒரு எண்ணுக்கு ஒரு முழுப் பக்கமா என்று கேட்டேன். "மீதி இடத்துல என்ன சாப்புட்டீங்க, என்ன வேலை பாத்தீங்கன்னு எழுதுங்க" என்றாள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஒயரில் ஒட்டும் சீட்டுதான். இருந்தாலும் வெள்ளைத் தாளைச் சும்மா விட மனசு வரவில்லை.

என் பெயர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தாறு. கோயமுத்தூர் கணபதியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஒரே கொட்டகையில் இடது பாதி எனக்கு, வலது பாதி வெல்டர் இன்னாசிக்கு. நடுவில் சுவர் கிடையாது. முப்பத்தொரு வருஷமாக அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள. அவன் சர்ச்சுக்குப் போகிறவன், நான் மருதமலைக்குப் போகிறவன். யாரும் யாருக்கும் பெண் கொடுக்கவில்லை.

இன்றைக்கு ஒரு பழைய பிக்கப் வந்து இறங்கியது. 1956 மாடல். மேட்டுப்பாளையத்தில் நர்சரி வைத்திருக்கும் கோமளவல்லி மேடத்தினுடையது. கோத்தகிரிக்குச் செடி ஏற்றிப் போகிறார்கள். பழைய எஞ்சின் மூன்றாவது வளைவிலேயே மூச்சு வாங்குகிறதாம். விபத்தில் நசுங்கிய ஒரு காரிலிருந்து நாலு வருஷ எஞ்சினை முழு ஒயரிங்கோடு எடுத்து வைத்திருக்கிறார்கள். கார்புரேட்டர் இல்லை. பெட்ரோல் எப்போது, எவ்வளவு என்பதை ஈசியூ என்கிற மூளைப்பெட்டி சொல்லும்.

"இதைய அதுல பொருத்தணும்ணா. முடியுமுங்களா?" என்றார்.

பழைய வண்டிக்கு மொத்த ஒயரே பதினாலு. புது எஞ்சினுக்கு நூற்று முப்பத்தெட்டு. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முடியும் என்றேன்.

மதியம் கொள்ளுப் பருப்பு, ரசம். பொய் எழுதக்கூடாது: ஒரு ஜிலேபி.

ஆகஸ்ட் 21, வியாழன்

208.

இன்னாசி எஞ்சினை உட்கார வைத்துவிட்டான். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் அடித்திருக்கும் அழகைப் பார்த்தால் கம்பெனியிலிருந்தே அப்படி வந்தது என்று சத்தியம் செய்யலாம். அவனிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறும்.

"மொத ஸ்டார்ட் எப்படா?" என்று இப்போதே கேட்கிறான். எங்களுக்குள் ஒரு வழக்கம். எந்த வண்டியானாலும் முதல் தடவை சாவியை நான் திருப்புவேன். அவன் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். எஞ்சின் பிடித்ததும் "ம்" என்பான். அந்த "ம்" கேட்காமல் ஒரு வண்டியும் இந்தக் கொட்டகையை விட்டுப் போனதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

220. நேற்று கல்யாணச் சாப்பாடு. வேறு விளக்கம் இல்லை.

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்து எழுதுகிறேன். நீலமும் பச்சையும் எனக்குக் குழம்புகின்றன. வெயிலில் தெரிகிறது. டியூப் லைட்டில் இரண்டும் ஒரே அழுக்குச் சாம்பலாகத் தெரிகின்றன. ஒயர்மேனுக்கு நிறம் தெரியாமல் போனால் அவன் என்ன செய்வான்? பெட்டிக்கடை வைப்பான்.

இன்னாசியிடம் மட்டும் சொன்னேன். தெய்வானையிடம் சொல்லவில்லை. சொன்னால் என் மனைவி மறுநாளே கொட்டகைச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வாள்.

"மாதா மேல சத்தியம்டா. ஒருத்தருக்கும் மூச்சு உட மாட்டேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்றான். மனசு லேசானது.

ஆகஸ்ட் 30, சனி

197. முதல் தடவை இருநூறுக்குக் கீழே.

ஒயரிங் கட்டு முடிந்தது. நாலு விரற்கடைக்கு ஒரு முடிச்சு, மெழுகு நூலில். நான் இடது கைக்காரன் என்பதால் என் முடிச்சு எல்லோர் முடிச்சுக்கும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். முடிச்சைப் பார்த்தே நாச்சிமுத்து வேலை என்று ஊரில் சொல்வார்கள்.

மொத்த வேலையிலும் பயமுறுத்தியது இரண்டே ஒயர்கள்தான். நீலத்தில் வெள்ளைக்கோடு, பச்சையில் வெள்ளைக்கோடு. ஒன்றில் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட் வரும். மற்றது சென்சாருக்குப் போவது, ஐந்து வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மாற்றிக் கொடுத்தால் ஈசியூ எரிந்துவிடும். இரண்டையும் வாசல் வெயிலில் பிடித்து மூன்று தடவை பார்த்து இணைத்தேன். மேலே சிலீவ் போட்டு என் முடிச்சையும் போட்டேன்.

இன்னாசிக்கும் வகுப்பு எடுத்தேன். பழைய வண்டியில் வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை எங்கேயாவது கவ்வவிட்டு வெல்டிங் ராடை வைத்து அடித்துவிடலாம், ஒன்றும் ஆகாது. இதில் அப்படிச் செய்தால் அந்தக் கரண்ட் ஈசியூவுக்குள் புகுந்து கொன்றுவிடும். பேட்டரியையும் ஈசியூ பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் ராடைத் தொட வேண்டும்.

"முப்பது வருசமா அடிக்கறேன், எனக்குப் பாடமாடா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும் என்று ஈசியூ மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். "மாப்ள, வெல்டிங்குக்கு முன் இதைக் கழற்றவும்."

சைலன்சர் வால் மட்டும் இன்னும் கட்டுக்கம்பியில் தொங்குகிறது. அதைத் தாங்கும் பிராக்கெட்டை வெல்டிங் அடிக்கும்போது கூப்பிடுகிறேன், நீயே வந்து பிளக்கைக் கழற்று என்றிருக்கிறான்.

செப்டம்பர் 1, திங்கள்

195.

உக்கடத்தில் ரிலே வாங்கப் போகிறேன் என்று தெய்வானையிடம் சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரி போனேன். நாள் முழுக்க அங்கேயே போய்விட்டது. இரண்டு கண்ணிலும் புரை. வலது நன்றாக முற்றியிருக்கிறது. "புரை மொதல்ல நீலத்தத்தான் மங்க வைக்கும்" என்றார் டாக்டரம்மா. சர்க்கரை இறங்கினால் ஆபரேஷன் செய்யலாமாம். எரிச்சலுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

நாளை காலை முதல் ஸ்டார்ட். மேடமும் வருகிறார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

189.

எஞ்சின் பிடிக்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். காலையில் இன்னாசி மிளகாய்ப் பழம் போலச் சிவந்த கண்ணோடு வந்தான். தண்ணீர் தாரையாகக் கொட்டியது. "தூக்கமில்லடா, கொசு" என்றான். பாவமாக இருந்தது. என் சொட்டு மருந்தை அவனுக்கு இரண்டு கண்ணிலும் விட்டேன். பத்து மணிக்கு மேடம் வந்தார். இன்னாசி பானெட்டில் கை வைத்தான். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது. ஆனால் எஞ்சின் விளக்கு எரியவில்லை, பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர் துடிக்கவில்லை. ஸ்கேனரை மாட்டினால் ஈசியூ பதிலே சொல்லவில்லை.

வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். கைவிளக்கைச் சைலன்சர் பிராக்கெட்டில் மாட்டிவிட்டு எர்த் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தன. ஈசியூ மேல் ஒட்டிய சீட்டையும் காணவில்லை. பசை சரியில்லையோ? ஒட்டினேனா இல்லையா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மேடம் பிக்கப்பை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 3, புதன்

201.

ஈசியூவைப் பிரித்துப் பழுது பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். உள்ளே கருகியிருக்கிறதாம், உயிர் கொடுக்க முடியாதாம்.

திரும்பி வந்து சொன்னதும் இன்னாசி ராடு டப்பாவை மூடினான். பிறகு கேட்டான்: "நீலத்தையும் பச்சையையும் மாத்திக் கீது போட்டியா மாப்ள?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கண் தானாக டியூப் லைட் பக்கம் போனது.

செப்டம்பர் 5, வெள்ளி

223.

இன்னாசி என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய் ஓரமாக உட்கார வைத்துச் சொன்னான்.

"கோவிச்சுக்காத. நேத்து நீ போனதுக்கப்பறம் கட்டப் பிரிச்சுப் பாத்தேன். ரெண்டும் மாறித்தான் கெடந்துச்சு. நானே மாத்திப் போட்டு மறுக்காக் கட்டிப்போட்டேன். நீ அதத் தொடாத, பாத்தா உனக்குத்தான் சங்கட்டம்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். டீக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று தடவை வெயிலில் பார்த்தும் மாற்றியிருக்கிறேன். அதுவும் அவன் எனக்காக மறைத்து வைத்திருக்கிறான். இப்படி ஒருத்தன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

செப்டம்பர் 7, ஞாயிறு

231.

மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார். தெய்வானை காபி கொடுத்தாள்.

"கண்ணு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா அண்ணா? இன்னாசியண்ணன் போன்ல சொல்லித்தான் தெரியுது. நான் காத்திருந்திருப்பேனே" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

தெய்வானை டம்ளரோடு அப்படியே நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மேடம் போனதும் இன்னாசிக்குப் போன் போட்டேன். "உன்ற நல்லதுக்குத்தான்டா சொன்னேன். மறைச்சு மறைச்சு எத்தன நாளைக்கு? இனி ஆபரேசனுக்கு நீ போய்த்தான ஆவோணும்?" என்றான். மாதா மேல் செய்த சத்தியத்தை நான் நினைவுபடுத்தவில்லை. தப்பு செய்தவன் எந்த வாயோடு கேட்பான்?

செப்டம்பர் 8, திங்கள்

227. தெய்வானை பேசவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

210. இன்றும்.

செப்டம்பர் 11, வியாழன்

188. பசி இல்லாவிட்டால் சர்க்கரை தானாக இறங்குகிறது.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். ஒயர் இணைக்கிற கிரிம்பிங் பிளையரைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பையில் வைத்துப் பரண் மேல் ஏற்றினேன். தெய்வானை பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

142.

வலது கண்ணில் ஆபரேஷன். இன்னாசிதான் ஆட்டோவில் கூட்டிப்போனான். தியேட்டர் வாசல் வரை என் கையை விடவே இல்லை. "நல்லாயிரும்டா, எல்லாம் நல்லாயிரும்" என்று அவன் சொன்னபோது எனக்கு முன்னால் அவன் குரல்தான் உடைந்தது.

(கட்டுப் போட்ட கண்ணோடு எழுதுகிறேன். வரி கோணலாகத்தான் போகும்.)

செப்டம்பர் 16, செவ்வாய்

150.

கட்டைப் பிரித்தார்கள். வார்டு மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அப்படி ஒரு நீலத்தை நான் எத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை என்று தெரியவில்லை. இடது கண்ணை மூடினால் நீலம், வலது கண்ணை மூடினால் சாம்பல். பைத்தியம் மாதிரி மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெய்வானையிடம், "இந்தப் புடவை நீலமா?" என்று கேட்டேன்.

"வாங்குன நாள்ல இருந்து நீலந்தானுங்க" என்றாள். ஒன்பது நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

செப்டம்பர் 24, புதன்

138.

தூசி படக்கூடாது என்று எட்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தாள். இன்றைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். இன்னாசி கேட் வேலைக்காகச் சரவணம்பட்டி போயிருந்தான். பிக்கப் அப்படியே நின்றது. மேடம் இன்னும் யாரையும் வைக்கவில்லை.

என் தப்பை என் கண்ணாலேயே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கட்டைத் தடவிக்கொண்டே போனேன். அந்த இரண்டு ஒயர் வரும் இடத்தில் என் முடிச்சு இருந்தது. எதிர்ப்பக்கம் திரும்பிய முடிச்சு. இன்னாசி வலது கைக்காரன். பிரித்து மறுபடி கட்டினேன் என்றானே? முடிச்சை வெட்டி சிலீவைக் கிழித்தேன். உள்ளே என் பிளையரின் பல் பதிந்த இணைப்பு, பிரிந்ததற்கு அடையாளமே இல்லை. நீலத்தோடு நீலம். பச்சையோடு பச்சை.

யாரும் அதைத் தொடவே இல்லை. மாற்றிப் போட்டதும் இல்லை, திருத்தியதும் இல்லை.

வண்டிக்கு அடியில் போனேன். சைலன்சர் பிராக்கெட் இருக்கிற இடத்தில், பற்றவைப்பைச் சுற்றி இரும்பு சூடேறியதால் வந்த நீலம் வளையமாக ஓடியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் இதே இடத்தில் படுத்திருந்தேன். இந்த நீலம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். ஆகஸ்ட் 30: கட்டுக்கம்பியில் தொங்குகிறது. செப்டம்பர் 2: கைவிளக்கைப் பிராக்கெட்டில் மாட்டினேன். இடையில் ஒரு ஞாயிறு, நான் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு திங்கள். சீட்டு ஒட்டினேன் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சிவந்த கண்ணோடு வந்தான் என்றும் இருக்கிறது. வெல்டிங் கண்ணாடி பிடிக்காமல் அவசரத்தில் ராடு அடித்தவனுக்குத்தான் கண் அப்படி ஆகும். முப்பது வருஷம் வெல்டர் பக்கத்தில் இருந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு அவனைப் பற்றி அப்படி நினைக்க மனசு வரவில்லை.

அந்தக் கண்ணுக்குத்தான் என் மருந்தை விட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

சர்க்கரை பார்க்கவில்லை.

"ஈசியூ பிளக்கக் கழட்டுனியா?" என்று மட்டும் இன்னாசியிடம் கேட்டேன். அவன் கையிலிருந்த சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஒரே ஒரு ராடுடா. பத்து நொடி. மேடம் மறுநாளு வர்றாங்க, சைலன்சர் தொங்கிக்கிட்டுக் கெடக்குது. நீயும் இல்ல. பேட்டரியக் கழட்டுனேன். அந்தப் பிளக்கு எனக்குக் கழண்டு வரல. இழுத்து ஒடைச்சுப்போட்டா கத்துவியேன்னு அப்படியே அடிச்சுப்போட்டேன்."

"செரி. அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீயே உன்ற கண்ணாலதான் போச்சுன்னு நெனச்சுக்கிட்ட. நானா சொன்னேன்?"

நோட்டைப் பிரித்துச் செப்டம்பர் 3 பக்கத்தை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அவன் கேட்ட கேள்வி, அவன் வார்த்தையிலேயே இருந்தது. படித்தான். அப்புறம் போய் ராடு டப்பாவைத் திறந்து அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். "மாப்ள, வெல்டிங்குக்கு முன் இதைக் கழற்றவும்." நாலாக மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறான்.

"தூக்கிப் போட முடியலடா" என்றான்.

ஈசியூ போனதற்கு எனக்குக் கோபமே இல்லை. என் கையாலும் பெட்டிகள் எரிந்திருக்கின்றன. என் கண்ணை நானே நம்பாமல் இருபத்திரண்டு நாள் கிடந்தேனே, அதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தானே! டீக்கடையில் நான் அழுதபோது தோளைத் தட்டினானே! அந்தக் கையை என்ன செய்வது? வயிறு எரிகிறது. எழுதியும் ஆறவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

176.

நோட்டைத் தெய்வானையிடம் கொடுத்தேன். எண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். ஆகஸ்ட் 24-ஆம் தேதிப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள்.

"அவரு பண்ணுனது துரோகந்தானுங்க. இல்லைன்னு சொல்லலீங்க" என்றாள். "கண்ணு மங்குதுன்னு கட்டுன பொண்டாட்டிகிட்டச் சொல்லாம அவருகிட்டச் சொன்னீங்களே. இப்ப உங்களுக்கு வயிறு எரியுதில்லீங்களா? காபி டம்ளரோட நின்னனே, அன்னைக்கு எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

பரணிலிருந்து பையை அவளே இறக்கி வைத்தாள்.

செப்டம்பர் 29, திங்கள்

151.

இன்னாசியே மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான். என் எதிரில் நின்று சொன்னான். நான் சொல்லச் சொல்லவில்லை. வேறு ஈசியூவும் அதற்குரிய சாவியும் அவன்தான் எங்கேயோ அலைந்து கொண்டுவந்தான். வாங்கி வைத்துக்கொண்டேன்.

வெட்டிய முடிச்சை மட்டும் மறுபடி போட்டேன். நூற்று முப்பத்தெட்டு ஒயரில் ஒன்றைக்கூட மாற்றவில்லை.

அக்டோபர் 1, புதன்

144. பொரிகடலை ஒரு கை, வெல்லம் ஒரு துண்டு. நோம்பி நாள், நர்ஸ் மன்னிக்கட்டும்.

ஆயுத பூஜை. வருஷா வருஷம் ஒரே பலகையில்தான் என் பிளையரும் அவன் வெல்டிங் ஹோல்டரும் இருக்கும். சர்ச்சுக்குப் போகிறவன் என்றாலும் இந்த ஒரு நாள் தவற மாட்டான். இந்தத் தடவையும் ஹோல்டரைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து வாசலிலேயே நின்றான். தெய்வானை என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். வாங்கிப் பலகையில் வைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தாள். தொழில் செய்கிற இரும்பு அது, அதன் மேல் எனக்கு என்ன கோபம்?

மேடம் தேங்காய் உடைத்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டேன். எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டியின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால், வழக்கம் போல இன்னாசி பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். பழக்கத்தில் வைத்தானா, கேட்டு வைத்தானா, தெரியவில்லை.

"கைய எடு, இன்னாசி" என்றேன்.

எடுத்தான். சாவியைத் திருப்பினேன். பாதிச் சுற்றிலேயே பிடித்தது. நடுக்கம் இல்லாமல் ஒரே சீராக ஓடியது. மேடம் கை தட்டினார், தெய்வானை கண்ணைத் துடைத்தாள். யாரும் "ம்" சொல்லவில்லை.

அவன் பெயரை நான் சொல்லிக் கூப்பிட்டு முப்பத்தொரு வருஷம் ஆகிறது. கையை எடுப்பதற்கு முன்னால் ஒரு நொடி, நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவன் திரும்பிப் பார்த்தான்.